எண்ணூர் வேலியில் மூன்று காட்டுத் திராட்சைகள்

இப்போதுதான் எண்ணூரிலிருந்து வந்தேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

கும்மிடிப்பூண்டி லோக்கலில் சில்லறைக் காசில் போய் இறங்கினால், முகத்துவாரத்துக்கு ஆட்டோ 250 ரூபாயாம்! பகல் கொள்ளை. நடந்தேன். நடந்ததால்தான் அந்த வேலி கண்ணில் பட்டது.

முதலில் எல்லாமே கோவைக்கொடி என்றுதான் நினைத்தேன். அப்புறம் பற்றுக்கம்பியைப் பார்த்தேன். கோவையில் அது இலைக்காம்பின் அடியிலிருந்து கிளம்பும். இங்கே இலை ஒரு பக்கம், கம்பி கணுவின் நேர் எதிர்ப்பக்கம். திராட்சைக் குடும்பத்தின் அடையாளமே அதுதான்.

ஒன்று நம்ம பிரண்டை, நாலு பட்டைத் தண்டு. அதை யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். பக்கத்தில் மூன்று மூன்று சிற்றிலைகளோடு ஒரு கொடி. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதைத் திராட்சைப் பேரினத்திலேயே சேர்த்து வைட்டிஸ் டிரைஃபோலியா என்றார். பிறகு பேரினப் பெயர் கேரேஷியா ஆகி, இப்போது காசோனிஸ். பூ கடுகளவுதான், குனிந்து பார்த்தால் நாலு இதழ். தோட்டத்துத் திராட்சைக்கு ஐந்து, அதுவும் நுனி ஒட்டித் தொப்பி மாதிரி கழன்று விழும். காய் தட்டையான உருண்டை, பழுத்தால் கறுப்பு.

மூன்றாவதுதான் என்னை அரை மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தது. சிஸ்ஸஸ் விட்டிஜீனியா. பிரண்டையின் பேரினமேதான், ஆனால் தண்டில் அந்த நாலு பட்டை கிடையாது. இலை பிரியாமல் ஒற்றையாக, ஓரம் லேசாக மடல் விட்டு, அசல் திராட்சை இலை போலவே இருக்கிறது. அடிப்புறம் தடவினால் பூனைக்காது மாதிரி மெத்தென்று இருந்தது. கருநீலப் பழம் ஒன்றை நசுக்கினேன், உள்ளே ஒரே ஒரு விதை.

பிரண்டை பறித்துக்கொண்டிருந்த ஆயா சத்தம் போட்டார்: "தம்பி, வாயில வச்சிடாத, நாக்கு அரிக்கும்!" உண்மைதான். இந்தக் கொடிகளில் ஊசி ஊசியாக ஆக்சலேட் படிகங்கள் உண்டு. பிரண்டையை நெய்யில் வதக்கிப் புளி சேர்ப்பது அதற்காகத்தான்.

"இதுக்கு என்ன பேரு ஆயா?"

"அது சும்மா கொடிப்பா."

எனக்கு மனசே ஆறவில்லை. இத்தனை புகைக்கும் சாம்பலுக்கும் நடுவே காய்த்து நிற்பது சும்மா கொடியா?

திரும்பும் வழியில் சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸில் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், எல்லாம் கடைக்காரர் கையாலேயே பிசைந்து தந்தார். கூடவே வாழைத்தண்டு சூப், சுடச்சுட. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ரயில், சாப்பாடு எல்லாம் சேர்த்து 160 ரூபாய். போகிறவர்கள் மழை முடிந்த கையோடு போங்கள், வேலியைச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது வெட்டிவிடுவதற்குள்.