அப்பா ஸ்கூட்டரின் கடகட சத்தம்

மூணு வாரமா அப்பாவோட பழைய கியரில்லா ஸ்கூட்டர் ஐடிலிங்ல கடகடன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. தெப்பக்குளம் சிக்னல்ல நின்னா பக்கத்து வண்டிக்காரரே திரும்பிப் பார்ப்பாரு. ஆக்ஸிலேட்டர் கொடுத்தா சத்தம் அடங்கிடும். அதுதான் துப்பு. கோளாறு கிளட்ச் ஷூவுல (இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குப் பிடிச்சுக் கொடுக்குற பாகம்) இருந்தா கிளம்பும்போதுதான் உதறும். அதனால சந்தேகம் வேரியேட்டர் மேல, அதாவது பெல்ட்டை நகர்த்தி கியர் வேலையைத் தானா செய்யுற பாகத்து மேல.

இன்னைக்கு வில்லாபுரத்துல மெக்கானிக் அண்ணன்கூட உக்காந்து இடதுபக்கக் கவரைக் கழட்டினோம். வேரியேட்டருக்குள்ள ஆறு ரோலர். ஒண்ணை உள்ளங்கையில வச்சுப் பார்த்தேன். உருளையா இருக்க வேண்டியது ஒரு பக்கம் கத்தியால சீவின மாதிரி தட்டையா தேஞ்சிருக்கு!

"ஸ்லைடரும் போச்சு தம்பி, எப்படி ஆடுது பாரு"ன்னாரு அண்ணன். ரோலருக்குப் பின்னாடி இருக்குற தட்டு ஆடாம பிடிக்கிற சின்ன துண்டு அது. ரோலர், ஸ்லைடர் ரெண்டையும் மாத்தி, பெல்ட்ல கிரீஸ் படாம துடைச்சு மாட்டினோம்.

சாயங்காலம் அப்பாவைப் பின்னாடி உக்கார வச்சு திருப்பரங்குன்றம் வரை போனேன். சிக்னல்ல நின்னப்ப, "இன்ஜின் ஓடுதாடா?"ன்னு கேட்டாரு.