க்யூபோனாக ஆறு வாரம்

மஞ்சள் நிறத்தில் பிகாச்சு என்று ஒன்று உண்டு என்பதற்கு மேல் போக்கிமான் என்ற வீடியோ கேம் தொடரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. 1996இல் ஜப்பானில் தொடங்கிய அந்தத் தொடரின் மூல ஆட்டங்களில் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை. அக்கா மகன் கல்லூரி விடுதிக்குக் கிளம்பும்போது தன் பழைய நிண்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியையும், அதில் செருகியபடியே கிடந்த ஒரே கேம் கார்ட்ரிட்ஜையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். "மாமா, இது மெயின் கேம் இல்ல. ஆனா கதை நல்லாருக்கும், விளையாடிப் பாருங்க" என்றான். அந்த ஆட்டத்தின் பெயர் போக்கிமான் மிஸ்டரி டஞ்சன்: ப்ளூ ரெஸ்க்யூ டீம். சுன்சாஃப்ட் நிறுவனம் உருவாக்கி 2005 நவம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. கேம் பாய் அட்வான்ஸ் என்ற முந்தைய கருவிக்கென்று 'ரெட்' என்ற இணைப்பதிப்பும் அப்போதே வந்தது.

முதல் வாரம் முழுவதும் திகைப்பிலேயே கழிந்தது. ஆட்டம் தொடங்கியதும் நம்மிடம் வரிசையாகக் கேள்விகள் கேட்டு, நம் குணத்தைக் கணித்து, பதினாறு போக்கிமான் பிராணிகளில் எதுவாக நாம் மாறியிருக்கிறோம் என்று அதுவே முடிவு செய்கிறது. மூல ஆட்டங்களில் மனிதன் போக்கிமானைப் பிடித்துப் பழக்குவான் என்பார்கள். இங்கே மனிதனாக இருந்தவன் போக்கிமானாகக் காட்டில் கண் விழிக்கிறான். கேள்விகளுக்கு நான் உண்மையாகவே பதில் சொன்னேன். கிடைத்தது க்யூபோன், தலையில் மண்டையோடு மாட்டிய ஒரு குட்டிப் பிராணி. ஏதோ தொப்பி என்று நினைத்து மருமகனிடம் தொலைபேசியில் சிரித்தபடி சொன்னபோது, "அது செத்துப்போன அதோட அம்மா மண்டையோடு மாமா" என்று அவன் சொன்னதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. துணைக்கு யார் வேண்டும் என்று கேட்டபோது, தெரிந்த முகம் ஒன்றாவது உடன் இருக்கட்டும் என்று பிகாச்சுவைச் சேர்த்துக்கொண்டேன்.

ஆட்டத்தின் வேலை எளிமையானது. ஊரில் பெலிப்பர் பறவைகளின் அஞ்சலகப் பலகையில் உதவி கேட்டு வரும் கடிதங்களை எடுத்துக்கொண்டு, குகைக்கோ மலைக்கோ போய், தொலைந்தவர்களை மீட்டு வர வேண்டும். ஒவ்வொரு முறை நுழையும்போதும் குகையின் அறைகளும் நடைபாதைகளும் புதிதாக மாறியிருக்கும். எல்லாம் கட்டம் கட்டமாக நகரும். நான் ஓரடி வைத்தால்தான் எதிரியும் ஓரடி வைப்பான், நான் நின்றால் உலகமே நிற்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு நாள் ஆயிற்று. அதுவரை சண்டை ஆட்டம் என்று எண்ணிக்கொண்டு பொத்தான்களை வேகவேகமாக அழுத்தி, அழுத்திய வேகத்திலேயே அடி வாங்கிக்கொண்டிருந்தேன். ஆடு புலி ஆட்டத்தில் காயை அவசரமாக நகர்த்துகிறவன் என்ன ஆவானோ அதுதான் எனக்கும் ஆயிற்று.

இரண்டாம் வாரத்தில் ஸ்டீல் மலை. உச்சியில் ஸ்கார்மரி என்ற இரும்புப் பறவை, டிக்லெட் என்ற குட்டியைக் கடத்தி வைத்திருந்தது. போக்கிமான்களுக்கும் அவற்றின் அடிகளுக்கும் வகை உண்டு. ஸ்கார்மரி பறக்கும் வகை, என் க்யூபோன் எலும்பால் அடிக்கும் அடி தரை வகை. பறக்கும் வகைக்கு எதிராக அது எடுபடாது என்பது தொடரை அறிந்த எந்தச் சிறுவனுக்கும் தெரியுமாம். எனக்குத் தெரியவில்லை. அதையே திரும்பத் திரும்ப அடித்து, ஒவ்வொரு முறையும் சொற்பமான எண் ஒன்று திரையில் எழும்பி மறைவதைப் பார்த்தபடியே விழுந்தேன். மறுநாள் மறுபடி ஏறினேன். இம்முறை, நம் தோழனை நோக்கி நடந்தால் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள் என்பதைக் கவனித்திருந்ததால், பிகாச்சுவை ஸ்கார்மரிக்கு நேராக நிறுத்திவிட்டு நான் பின்னால் ஒதுங்கினேன். பிகாச்சுவின் மின்னல் நான்கைந்து முறை பாய்ந்ததும் பறவை சரிந்தது. கூட வருபவர்களின் சண்டையை இயந்திரமே பார்த்துக்கொள்கிறது, அவர்களை எங்கே நிறுத்துவது என்பது மட்டும் நம் பொறுப்பு. ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய நடைபாதையில் நின்று சண்டையிட்டால் நான்கு பேர் சூழ்ந்தாலும் ஒருவரைத்தான் எதிர்கொள்ள வேண்டியிருக்கும் என்பதையும் அந்த வாரத்தில்தான் கற்றேன்.

அதற்கடுத்து வந்தது பசி. நடக்க நடக்க அடிபட்ட உடல் தானாகத் தேறுகிறது. ஆனால் அதே நடையில் வயிறும் காலியாகிறது. வயிற்றின் அளவு 100. ஓர் ஆப்பிள் சாப்பிட்டால் 50 ஏறும். பூஜ்யத்தைத் தொட்டால் அடிக்கு அடி உயிர் குறையும். பையில் இருபது பொருள்களுக்குத்தான் இடம் என்பதால், எந்த விதையை வீசிவிட்டு எந்த ஆப்பிளை எடுப்பது என்ற கணக்கு ஒவ்வொரு தளத்திலும் வந்து நிற்கும். விழுந்தாலோ கையிலுள்ள பணம் முழுவதும் போய்விடும், பொருள்களிலும் பல போய்விடும். ஏறிய நிலை (லெவல்) மட்டும் நம்மிடம் தங்கும். ஊரில் பெர்சியன் என்ற பூனை வங்கி நடத்துவது எதற்கென்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. அதன்பின் வெளியே கிளம்பும்முன் பணத்தை அங்கே போட்டுவிட்டு, அரிய பொருள்களைக் கங்காஸ்கான் என்ற பிராணியின் கிடங்கில் வைத்துவிட்டுத்தான் புறப்பட்டேன்.

மூன்றாம் வாரத்தில் நடந்தது ஆட்டத்தின் குற்றமில்லை. தண்டர் மலையில் பாதிக்கு மேல் ஏறியிருந்தேன். விழுந்தால் எழுப்பிவிடும் புத்துயிர் விதைகள் இரண்டு பையில் இருந்தன. டிஎஸ்ஸின் பச்சை விளக்கு சிவப்பாக மாறியதைப் பார்த்தேன், இந்தத் தளத்தை முடித்துவிட்டுச் சார்ஜர் போடலாம் என்று நினைத்தேன். பழைய பேட்டரி அந்த நினைப்பைப் பொருட்படுத்தவில்லை. மீண்டும் உயிர்ப்பித்தபோது, சேமிக்காமல் அணைத்ததைத் தோல்வியாகக் கணக்கிட்டு ஆட்டம் என்னை ஊருக்கு அனுப்பியிருந்தது. விதைகளும் போயிருந்தன. நடுவழியில் சேமித்து நிறுத்தும் வசதி மெனுவிலேயே இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். எரிச்சலில் இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் ஏறியபோது உச்சியில் இருந்த ஜாப்டாஸ் என்ற மின்னல் பறவை இடியாக இறக்கியது. தரை வகை என்பதால் க்யூபோனுக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. ஸ்டீல் மலையில் காலை வாரிய அதே வகை இங்கே கவசமாக நின்றது.

இந்த இடத்தில்தான் ஓர் உண்மை தெரிந்தது. ஒரு தொடருக்குப் புதியவன் என்று என்னை நினைத்திருந்தேன். உண்மையில் இரண்டு தொடர்களுக்குப் புதியவனாக இருந்திருக்கிறேன். மிஸ்டரி டஞ்சன் என்பது தனியாக ஒரு மரபு. டிராகன் குவெஸ்ட் என்ற வேறொரு தொடரின் நான்காம் ஆட்டத்தில் வந்த டார்னெக்கோ என்ற வியாபாரியை நாயகனாக்கி, 1993இல் சூப்பர் ஃபாமிகாம் என்ற நிண்டெண்டோ கருவிக்காகச் சுன்சாஃப்ட் அதைத் தொடங்கியது. அதன் வேரோ 1980ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவில் மாணவர்கள் எழுதிய ரோக் என்ற கணினி ஆட்டத்தில் இருக்கிறது. அங்கேயும் மாறிக்கொண்டே இருக்கும் குகை, முறை வைத்து நகர்தல், பசி. போக்கிமான் பற்றிய அறியாமையால் எனக்கு ஏற்பட்ட பெரிய நஷ்டம் ஸ்கார்மரியிடம் வாங்கிய அடி ஒன்றுதான். மற்ற அத்தனை உதையும் இந்த இரண்டாம் மரபு கொடுத்தது. மூல ஆட்டங்களைக் கரைத்துக் குடித்த மருமகனே, குகைக்குள் கெக்லியான் என்ற போக்கிமான் நடத்தும் கடையில் காசு கொடுக்காமல் வெளியேறி, கூட்டமாகப் பாய்ந்து வந்த கெக்லியான்களிடம் இதே ஆட்டத்தில் மாட்டியவன்தானாம்.

நான்காம், ஐந்தாம் வாரங்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, கதை அங்கேதான் இருக்கிறது. கெங்கார் என்ற போக்கிமான் மூட்டிவிட்ட பேச்சை நம்பி, நேற்றுவரை நன்றி சொன்ன ஊரே நம்மைத் துரத்துகிறது. எரிமலைக்கும் பனிமலைக்கும் ஓட வேண்டியிருக்கிறது, பிகாச்சு மட்டும் கூடவே வருகிறது. கட்டங்களால் ஆன ஓர் ஆட்டத்தில், சண்டைக்கு நடுவே குறுக்கே வந்து நின்று எரிச்சலூட்டிய அந்த எலி மீது இவ்வளவு பற்று எப்போது வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஸ்கை டவரின் முடிவில் க்யூபோனும் பிகாச்சுவும் பேசிக்கொள்ளும் காட்சியில், நாற்பது வயதைக் கடந்த நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

கதை முடிந்த பிறகும் ஆட்டம் முடியவில்லை. அந்தக் காலத்துப் போக்கிமான்கள் 386ஐயும் அணியில் சேர்க்கலாமாம். என் அணியில் இருபதுகூட இல்லை. "இப்போ மெயின் கேம் ஒண்ணு அனுப்பட்டா மாமா?" என்று மருமகன் கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதே டிஎஸ்ஸுக்கு வந்த ஷிரென் தி வாண்டரர் என்ற மிஸ்டரி டஞ்சன் ஆட்டத்தைப் பழைய கார்ட்ரிட்ஜாகத் தேடி வாங்கினேன். அதில் விழுந்தால் ஏறிய நிலையும் மிஞ்சாது, முதல் நிலையிலிருந்தே தொடங்க வேண்டும். ஆப்பிளுக்குப் பதிலாக அங்கே சோற்றுருண்டை. நேற்றிரவு முதல் ஆட்டத்தில் இரண்டாம் தளத்திலேயே விழுந்தேன், உருண்டையைப் பிரிக்கக்கூட இல்லை.