அமிர்தசரஸ்: கொடியிறக்கமும் லங்கரும்

அமிர்தசரஸை அடுத்த இந்திய–பாகிஸ்தான் எல்லையான அட்டாரியில் மாலைக் கொடியிறக்கம் 1959-லிருந்து நடக்கிறது. வீரர்கள் காலைத் தலை உயரத்துக்கு வீசி நடக்க, கேலரி முழுக்க ‘ஹிந்துஸ்தான் ஜிந்தாபாத்’ என்று ஒரே முழக்கம். எனக்கு முன்வரிசையில் லூதியானாக்காரர் ஒருவர் இருக்கை மேலேறி நின்று கத்திக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து எத்தனை பேர் உட்காரச் சொல்லியும் காதில் வாங்கவில்லை. திரும்பும்போது ஷேர் ஜீப்பில் இடம்பிடிக்க இடித்துக்கொண்டு ஏறியதிலும் அவர்தான் முதல் ஆள்.

இரவு பொற்கோயிலுக்குப் போனேன். செருப்பு வைக்கும் ஜோடா கர்ரில் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் அதே மனிதர்! என் செருப்பை இரண்டு கையாலும் வாங்கி, துணியால் தூசி தட்டி வைத்துவிட்டு, டோக்கனை நீட்டினார். அவர் வேஷம் போடவில்லை என்றே நினைக்கிறேன். எல்லையில் கத்துவதுதான் முறை. இங்கே யார் செருப்பானாலும் துடைப்பதுதான் முறை. பக்கத்தில் இருக்கிறவர் செய்வதைப் பார்த்துத்தான் நாமெல்லாம் நடக்கிறோம்.

கோயிலின் இலவசப் பொதுச் சாப்பாட்டுக் கூடமான லங்கரில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. சாதாரண நாளிலேயே ஐம்பதாயிரம் பேருக்கு மேல் சாப்பிடும் இடம். கூடம் நிறைந்ததும் கதவடைப்பார்கள்; அடுத்த பந்திக்கு நிற்பவர்கள் தட்டோடு படிக்கட்டிலேயே காத்திருக்கிறார்கள், தள்ளுமுள்ளு கிடையாது. தரையில் நீளப் பாய். தால், சப்ஜி, கீர் வாளியில் வருகிறது. “பர்ஷாதா ஜி” என்று ரொட்டி கொண்டுவந்தவரிடம் என் பக்கத்துச் சிறுவன் ஒரு கையை நீட்டினான். அவன் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய இன்னொரு கையை எடுத்துச் சேர்த்து வைத்தார். அதற்குப் பிறகுதான் ரொட்டி விழுந்தது. அடுத்த ரொட்டிக்கு அவன் தானாகவே இரண்டு கையையும் ஏந்தினான்.

சீக்கியர்களின் மூன்றாம் குரு அமர்தாஸ் (குருவாக இருந்தது 1552–1574) தன்னைப் பார்க்க வருகிறவர் யாரானாலும் முதலில் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று வைத்திருந்தார். அவர் இருந்த கோயிந்த்வால் ஊருக்கு வந்த அக்பரும் அப்படித்தான் சாப்பிட்டார் என்பது சீக்கிய மரபு. யாரோடு சேர்ந்து உண்பது என்பதில் சாதி அடங்கியிருந்த நாட்டில் அது எவ்வளவு பெரிய காரியம்! நம் ஊர்க் கோயில்களில் ஆகஸ்ட் 15 அன்று சமபந்தி விருந்து நடக்கும், அமைச்சரும் ஆட்சியரும் உட்கார்ந்த படம் மறுநாள் பேப்பரில் வரும். இங்கே அது அன்றாடச் சாப்பாடு. பக்கத்தில் இருப்பவர் என்ன ஆள் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு ஏக்கமாகத்தான் இருந்தது.

அமிர்தசரஸ் போகிறவர்கள் சாப்பிட்டதும் கிளம்பிவிடாதீர்கள். லங்கர் இரவு பகலாக நடப்பதால் எந்நேரமும் வேலை இருக்கும். கீழே பூண்டு உரிக்கும் பெண்களோடு உட்காரலாம், தட்டு கழுவும் தொட்டியிலும் நிற்கலாம். அனுமதி எதுவும் கேட்க வேண்டியதில்லை. தலையில் துணி இருந்தால் போதும், நகர்ந்து இடம் கொடுப்பார்கள்.