பிளாஸ்மா டார்ச்சின் எதிரி தண்ணீர்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பட்டறை நடத்துபவர்களுக்கு இரண்டு தொல்லைகள்: மின்வெட்டு, கடற்காற்றின் ஈரம். மின்வெட்டைப் பற்றி ஊரே பேசித் தீர்த்துவிட்டது. மின்வில்லின் (ஆர்க்) வெப்பத்தால் உலோகத்தை வெட்டும் பிளாஸ்மா டார்ச்சைக் கொல்வது ஈரம்தான். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தைப்பூசம் நெருங்கினால் கோவிலுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் வேல் வெட்டித் தருவோம். அதற்கு காஸ் கட்டிங் உதவாது. காஸில் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்துதான் அறுபடுகிறது; ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கும் குரோமியமோ எளிதில் உருகாத ஆக்சைடாகப் படிந்து, எரிய விடாமல் தடுத்துவிடும். பிளாஸ்மாவுக்கு எரிதல் வேண்டாம். மின்சாரம் கடத்தும் உலோகம் எதுவானாலும் உருக்கி ஊதித் தள்ளிவிடும்.

டார்ச்சைக் கழற்றினால் உள்ளே பெரிதாக எதுவுமில்லை. நடுவில் செம்பு எலக்ட்ரோடு, சுற்றிலும் செம்பு நாசில், இடையில் சுழன்று வரும் காற்று. பொத்தானை அழுத்தியதும் இரண்டுக்கும் நடுவே மின்வில் பற்றும். காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து, காற்றே மின்கம்பியாகிவிடும்; அதுதான் பிளாஸ்மா. எர்த் கவ்வி மாட்டிய தகட்டின் அருகே கொண்டுபோனால் வில் தகட்டுக்குத் தாவும். நாசிலின் நுண்துளை அதை நெரிப்பதால் வெப்பம் 20,000 டிகிரியைத் தொடுகிறது. செம்பு உருகுவதோ 1,085 டிகிரியில்! சுழலும் காற்றின் குளிர்ந்த படலம் நாசிலின் சுவரை ஒட்டி ஓடுவதால்தான் அது தப்பிக்கிறது.

எலக்ட்ரோடின் முனையில் ஹாஃப்னியம் என்ற உலோகத்தைக் கடுகளவு பதித்திருக்கும். டங்ஸ்டன் காற்றில் சீக்கிரம் அரித்துப்போகும், ஹாஃப்னியம் தாங்கும். ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் அதுவும் கொஞ்சம் தேயும். ஒன்றரை மில்லிமீட்டர் குழி விழுந்தால் தயங்காமல் மாற்றிவிடுவேன். இதில் சிக்கனம் பார்ப்பவர் பிறகு டார்ச்சுக்கே அழ வேண்டியிருக்கும்.

பிப்ரவரிப் புழுக்கத்தில் கம்ப்ரெசர் அழுத்தும் காற்றிலிருந்து தண்ணீர் பிரிந்து டாங்கியில் தேங்கும். அது டார்ச்சுக்குள் போனால் வில் தடுமாறும், நாசில் துளை முட்டை வடிவமாகும், வேலின் ஓரம் சாய்ந்து பிசிறு தட்டும். "அண்ணா, புது நாசில் போடட்டுமா?" என்பான் பட்டறைப் பையன். "முதலில் டாங்கியைத் திறந்து தண்ணீரை வடி, தம்பி" என்பேன். பாதி நாள் அதிலேயே கோளாறு சரியாகிவிடும்.

வெட்டுவது இந்த நுட்பத்தின் சின்ன வேலை. விமான என்ஜினுக்குள் சுழலும் டர்பைன் அலகுகளுக்கு வெப்பம் தாங்கும் பீங்கான் பூச்சு தெளிப்பதும் பிளாஸ்மாதான். நம் மாநிலத்தில் எம்பங்கேனியில் கடற்கரை மணலில் கிடைக்கும், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த இல்மனைட் கனிமத்தை உருக்குகிறார்கள். ராண்ட்பர்கின் மின்டெக் ஆய்வுக்கூடம் பல ஆண்டுகளாக உழைத்து வளர்த்த முறை அது. அங்கே செம்பு நாசிலுக்கு வேலையில்லை. கனத்த கிராஃபைட் எலக்ட்ரோடிலிருந்து நேர்மின்னோட்ட வில் உலைக்குள் பாய்கிறது. இரும்பு உருகி அடியில் தங்கும், டைட்டானியம் நிறைந்த கசடு மேலே நிற்கும். வெள்ளைப் பெயிண்டுக்கு நிறம் தரும் தூளை அந்தக் கசடிலிருந்துதான் எடுக்கிறார்கள்.