கணுக்கால் கட்டப் பழகிய கதை

அத்லெடிக் டிரெய்னிங்கில் முதுகலை சேர்ந்திருக்கிறேன் என்று போனில் சொன்னதும் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி: "ஜிம் மாஸ்டர் வேலைக்காடா அமெரிக்கா வரைக்கும் போன?" அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அமெரிக்கர்களிலேயே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். மைதானத்தில் ஒருவர் விழுந்ததும் இடுப்பில் பையோடு முதலில் ஓடுகிறாரே, அவர்தான் அத்லெடிக் டிரெய்னர். அங்கே அது முறையான மருத்துவத் துறை வேலை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990லேயே அங்கீகரித்துவிட்டது. நான் படித்தபோது கலிஃபோர்னியாவைத் தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் இதற்கு ஏதோ ஒரு வகையில் அரசுக் கட்டுப்பாடு இருந்தது.

முன்பு இளங்கலையே போதும். 2022 இலையுதிர் பருவத்துக்குப் பிறகு இளங்கலைப் படிப்பில் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்று இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் காட்டே (CAATE) அமைப்பு நிறுத்திவிட்டது. இனி நுழைவாயிலே முதுகலைதான். நான் இங்கே பிசியோதெரபி முடித்திருந்ததால் உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல் எல்லாம் கையில் இருந்தன. இயற்பியல் மட்டும் பிளஸ் டூவோடு சரி. கல்லூரி அளவில் இயற்பியல் இருந்தால்தான் விண்ணப்பமே என்றார்கள். அதற்காகத் தனியாக ஒரு பருவம் படித்தேன். விண்ணப்பிக்க நினைப்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உயிரியல், வேதியியல், இயற்பியல், உளவியல், உடற்கூறியல், உடலியங்கியல் ஆறும் மதிப்பெண் பட்டியலில் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

ஒஹாயோவில் ஒரு அரசுப் பல்கலைக்கழகம். முதல் கோடையில் வகுப்பறையைவிட டேப்தான் அதிகம் பார்த்தேன். ஒன்றரை அங்குல வெள்ளை டேப். பாதத்தைத் தொண்ணூறு டிகிரியில் பிடிக்கச் சொல்லி, மெல்லிய ஸ்பாஞ்ச் சுற்றி, மேலேயும் கீழேயும் ஆங்கர் என்ற பிடிப்புப் பட்டை போட்டு, குதிகாலுக்கு அடியில் உள்பக்கமிருந்து வெளிப்பக்கம் இழுத்து மூன்று ஸ்டிரப் பட்டை, பிறகு எட்டு வடிவச் சுற்று, கடைசியில் குதிகாலைப் பூட்டும் ஹீல் லாக். எழுத்தில் ஒரு வரி. கையில் ஒரு மாதம். சுருக்கம் விழுந்தால் அந்த இடத்தில் கொப்புளம். இடைவெளி விட்டால் அதற்கு 'ஜன்னல்' என்று பெயர், அங்கேயும் தோல் கிள்ளும். மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். என் முதல் வெற்றிகரமான கட்டு ரூம்மேட்டின் காலில். இரண்டரை நிமிடம்! பெருமையாக நிமிர்ந்தால், அவன் விரல்கள் ஊதா நிறம். நகத்தை அழுத்திவிட்டால் வெளுத்து உடனே சிவக்க வேண்டும். அவனுக்கு வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது. கத்தரியைத் தேட ஓடினேன். அதற்குப் பிறகு அவன் தன் காலை எனக்குக் கொடுப்பதற்குக் கூலியாகப் பாத்திரம் கழுவச் சொன்னான்.

முழங்கால் பரிசோதனையில் வேறு சிக்கல். ஏ.சி.எல். தசைநார் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்மன் டெஸ்டில், முழங்காலை இருபது முப்பது டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கீழ்க்காலை முன்னே இழுக்க வேண்டும். எனக்குச் சின்னக் கை. அமெரிக்கக் கால்பந்தில் முன்வரிசையில் நின்று மோதும் லைன்மேனின் தொடை என் இடுப்பளவு. செய்முறைத் தேர்வில் பிடியே கிடைக்காமல் வழுக்கிக்கொண்டு போனது, தோற்றேன். அப்புறம் ஆசிரியர் ஒரு வழி காட்டினார்: என் முழங்காலை மேசையில் ஊன்றி, அவன் தொடையை அதன் மேல் சாய்த்துவிட்டு மேலிருந்து அழுத்துவது. எப்போதும் நல்ல காலில் முதலில் பார். ஆரோக்கியமான தசைநார், கட்டிய கயிறு சட்டென்று இழுபட்டு நிற்பது போல நிற்கும். அறுந்ததில் அந்த நிறுத்தமே வராது. இதைப் புத்தகத்தில் பத்து தடவை படித்திருந்தேன். அறுந்த முழங்கால் ஒன்று கையில் கிடைக்கும் வரை எனக்குப் புரியவில்லை.

வெப்பத் தாக்குதல் வகுப்பு மறக்காது. உள் உடல் வெப்பத்தை ஆசனவாய் வழியாகத்தான் அளக்க வேண்டும், நெற்றியிலும் வாயிலும் அளப்பது அந்த நேரத்தில் நம்பகமில்லை என்று பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தபோது வகுப்பே சிரித்தது. ஆசிரியர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து 2018 நிகழ்வைச் சொன்னார். மேரிலாண்டில் ஜோர்டன் மெக்நேர் என்ற 19 வயது கால்பந்து வீரர் பயிற்சியில் சரிந்து, இரண்டு வாரத்தில் இறந்துபோனார். அவரைக் குளிர்நீரில் இறக்கவே இல்லை. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. விதி ஒன்றுதான்: முதலில் குளிர்வி, பிறகு ஆம்புலன்ஸில் ஏற்று. முப்பது நிமிடத்துக்குள் 40.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க வேண்டும், சுமார் 38.9க்கு வந்ததும் தொட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதிகமாகக் குளிர்ந்துவிடும்.

ஆகஸ்டில் கல்லூரிக் கால்பந்து முகாம். விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொட்டியில் நீரும் ஐஸும் நிரப்புவது என் பொறுப்பு, மாலையில் திறந்துவிடுவதும் என் பொறுப்பு. சீசன் முழுக்க ஒருவர்கூட அதில் இறங்கவில்லை. மணிக்கட்டு விட்டுப்போகும் அளவுக்கு ஐஸ் சுமந்தேன். இந்த வேலையில் பயன்படாமல் போன நாள்தான் நல்ல நாள்.

அதே முகாமில்தான் ஹெல்மெட்டை ஒளித்துவைக்கக் கற்றுக்கொண்டேன். தலையில் அடிபட்டவரிடம் மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வோம், டிசம்பர், நவம்பர் என்று. ஒருவர் செப்டம்பரில் நின்றுவிட்டு, "ஆட விடுங்கள்" என்றார். பிரிசெப்டர், அதாவது களத்தில் நமக்கு மேற்பார்வை பார்க்கும் உரிமம் பெற்ற அத்லெடிக் டிரெய்னர், ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய ஹெல்மெட்டை எடுத்து என் கையில் கொடுத்து, "ஆட்டம் முடியும்வரை இது உன்னிடமே இருக்கட்டும்" என்றார். ஹெல்மெட் இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. பயிற்சியாளரோடு வாக்குவாதம் செய்யவும் தேவையில்லை.

குறைகளும் உண்டு. படிப்பில் குறைந்தது நான்கு வாரம் தொடர்ச்சியாக முழுநேரம் களத்திலேயே இருக்க வேண்டும், அதற்கு எனக்குச் சம்பளம் கிடையாது. இடத்துக்கு இடம் போகக் கார் இல்லாமல் முடியாது. ஒரு இடத்தில் எங்களைத் தண்ணீர் பாட்டில் நிரப்பவே வைத்திருந்தார்கள். மூன்று வாரத்தில் நான் தொட்டுப் பார்த்த காயங்கள் இரண்டு. அதை ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கொடுத்த பிறகுதான் மாறியது. வாய்மொழியாகச் சொன்ன முதல் இரண்டு முறையும் வீண். நீங்கள் நேரே எழுதிவிடுங்கள்.

தேர்வைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். அத்லெடிக் டிரெய்னர்களுக்குச் சான்று தரும் பி.ஓ.சி. அமைப்பு நடத்தும் தேர்வு: நான்கு மணி நேரம், 175 கேள்வி, 800க்கு 500 எடுத்தால் தேர்ச்சி. மனப்பாடம் ஓரளவுக்குத்தான் உதவும். கேள்விகள் பெரும்பாலும் "அடுத்து என்ன செய்வாய்" என்ற வகை. களத்தில் நிறைய நின்றவர்களுக்கு அது பரிச்சயமான கேள்வி.

இரண்டு வருடத்தில் நான் உண்மையாகவே மாறியது முதல் வருட வசந்தத்தில், ஒரு உயர்நிலைப் பள்ளியில். அங்கே பிரிசெப்டர் ஒரு பெண்மணி. பள்ளிக்கு அவர் ஒருவர்தான். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான், குண்டு எறிபவன், நல்ல பருமன். முழங்கால் வலி என்றான். எனக்குக் கை துறுதுறுத்தது. மேசையில் ஏற்றி லாக்மன், பக்கவாட்டுத் தசைநார், சவ்வு என்று தெரிந்த அத்தனை சோதனையும் செய்தேன். எல்லாமே நார்மல். "ஐஸ் வை, இரண்டு நாள் ஓய்வெடு" என்று சொல்ல வாயெடுத்தேன்.

பிரிசெப்டர் என்னிடம் கேட்டார்: "எத்தனை நாளாக வலிக்கிறதாம்?"

தெரியாது.

"கதவிலிருந்து மேசை வரை நடந்து வந்தானே, பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது?"

பார்க்கவில்லை.

கேள், பார், தொடு, அப்புறம் சோதனை. முதல் வாரமே சொல்லிக்கொடுத்த வரிசை. நான் நேராக நான்காவதில் குதித்திருந்தேன். அவர் பையனை மல்லாக்கப் படுக்கவைத்து, அந்தக் காலை மெதுவாக இடுப்பில் மடக்கினார். முழங்கால் நெஞ்சை நோக்கி வராமல் தானாக வெளிப்பக்கம் விலகியது. உள்பக்கம் திருப்பப் பார்த்தார், பையன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். மூன்று வாரமாக நொண்டுகிறானாம். "இனி இந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது" என்று சொல்லிவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டார், என்னைச் சக்கர நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

எக்ஸ்ரேயில் தெரிந்தது. தொடையெலும்பின் தலைப்பகுதி, எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டில் வழுக்கியிருந்தது. வளரும் வயதில், அதுவும் எடை கூடிய பிள்ளைகளுக்கு வருவது. நோய் இடுப்பு மூட்டில், வலி முழங்காலில். இரண்டுக்கும் ஒரே நரம்பு கிளை விடுவதால் வரும் குழப்பம். நான் சொல்லவிருந்த இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு அவன் ஓடியிருந்தால், எலும்பு இன்னும் வழுக்கி, தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டமே நின்றிருக்கலாம். அறுவை சிகிச்சையில் ஒரு ஸ்க்ரூ போட்டு நிறுத்தினார்கள்.

அன்றைய குறிப்பை எழுதும்போது, நான் விட்ட இரண்டு கேள்விகளையும் அவர் எனக்காக நிரப்பவில்லை. என்னையே எழுதவைத்தார், அவனிடம் போனில் கேட்டு.

அந்தப் பள்ளியில் என் கடைசி வாரம் பையன் ஊன்றுகோலோடு வந்தான். மேசையில் ஏறி உட்கார்ந்து, நல்ல காலின் ஷூவைக் கழற்றினான். "நீங்கள் பழக வேண்டுமாமே" என்று போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்துவைத்துக்கொண்டான். ஆங்கர், ஸ்டிரப், எட்டு, ஹீல் லாக். முடித்ததும் நான் கேட்காமலே பெருவிரல் நகத்தை அழுத்திக் காட்டி, "சிவக்கிறது" என்றான்.