எலிப்பாசாணமும் அம்மாவின் வால்வும்

கொழும்பில் அம்மாவுக்கு இதயத்தின் மிட்ரல் வால்வு மாற்றினார்கள். உலோக வால்வு என்பதால், இரத்தம் கட்டாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை வாழ்நாள் முழுவதும். கொக்கட்டிச்சோலைக்கு வந்து சேர்வதற்குள், "அது எலிக்கு வைக்கிற சாமான்" என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். மாத்திரையைத் தொடவே மாட்டேன் என்றார்.

செய்தி பொய்யில்லை. 1948இல் எலிக்கொல்லியாகத்தான் அது வந்தது. மனிதருக்கு அனுமதி கிடைத்தது 1954இல். அம்மாவை இளக்கியது அதற்கும் முந்திய மாட்டுக் கதை. 1920களில் வட அமெரிக்காவில், பூஞ்சணம் பிடித்த குளோவர்த் தீவனம் தின்ற மாடுகள் இரத்தம் நில்லாமல் செத்தன. 1933இல் ஒரு விவசாயி செத்த பசுவையும் உறையாத இரத்தத்தையும் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக்கே கொண்டுபோனார். அங்கே கார்ல் போல் லிங்க்கின் குழு கண்டெடுத்த பொருளின் வழிவந்ததுதான் இந்த மாத்திரை. படுவான்கரையில் மாடு வளர்த்து எங்களை ஆளாக்கியவர் அம்மா. முழுவதையும் கேட்டுவிட்டு, "தீவனத்தை நனையவிட்டிருக்கிறார்கள், பாவங்கள்" என்றார். அன்றிரவே மாத்திரையை விழுங்கினார்.

பிறகு எல்லாம், இரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். கணக்குத்தான். சாதாரணமாக ஒன்றளவில் இருக்கும் அந்த எண், அம்மாவுக்கு 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் இரத்தம் கட்டும், கூடினால் மூளையில்கூடக் கசியும். அதற்காகத்தான் மண்முனைப் பாலம் கடந்து மட்டக்களப்புக்குக் கிளினிக் பயணம்.

கீரையே ஆகாது என்று ஊரில் பலரும் சொன்னார்கள். கிளினிக் தாதி மறுத்தார்: "நிறுத்தாதீர்கள் அம்மா, அளவை மட்டும் மாற்றாதீர்கள்." இலைகளிலுள்ள வைட்டமின் கே இந்த மருந்தை எதிர்க்கும். ஒரு கிழமை முருங்கையிலைச் சுண்டலாகவே சாப்பிட்டு, மறுகிழமை ஒன்றுமே இல்லையென்றால் எண் ஆடும். வீட்டில் அதற்கென்றே ஒரு சிறு கிண்ணம் வைத்தோம். வல்லாரையோ பொன்னாங்காணியோ, அந்தக் கிண்ணம்தான் அளவு.

பல் வீக்கத்துக்கு ஓரிடத்தில் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தார்கள். வேறென்ன மருந்து குடிக்கிறார் என்று எவரும் கேட்கவில்லை. சில நாட்களில் முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாய்ந்தது, பல் துலக்கினால் ஈறிலிருந்து இரத்தம். அந்த மருந்து வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிட, ஐ.என்.ஆர். ஆறைத் தாண்டியிருந்தது. வார்டில் மறித்து வார்ஃபரினை நிறுத்திவைத்தார்கள். அது இறங்கும்வரை எங்களுக்கு உறக்கமில்லை. வேறென்ன மருந்து குடிக்கிறார் என்பது, மருந்து கொடுப்பவர் கேட்டே ஆகவேண்டிய கேள்வி.

இப்போது எந்த மருந்துக்கடையிலும் அம்மா வாய் திறப்பதற்கு முன் கிளினிக் புத்தகத்தை எடுத்து வைக்கிறார். அந்தப் பல்லை அடுத்த மாதம் பிடுங்க வேண்டும். அதற்கு முன் ஐ.என்.ஆர். பார்த்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.