தமிழ் சேரின்ர காகப் பாடம்

எங்கட சங்கத்தின்ர மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு கேட்டவுடன எனக்கு மனசில வந்தது எங்கட தமிழ் சேரின்ர காகப் பாடம்தான், என்ர வகுப்பில இருந்த ஆரும் அதை மறந்திருக்க மாட்டினம். "காக்கை கரவா கரைந்துண்ணும்" குறளை விளங்கப்படுத்திப்போட்டு புத்தகத்தை மூடி வைச்சார், காகம் வாற சொல்லெல்லாம் சொல்லுங்கோடா எண்டார்.

காக்காக் கடி எண்டம், சட்டையால மூடி ரொபியைக் கடிச்சுப் பங்கு போடுறது. காக்காக் குளிப்பு. காக்கா பிடிக்கிறது, காக்கா வலிப்பு. கடைசி ரெண்டும் பறவையே இல்லையடா, கால் கை பிடிக்கிறதும் கால் கை வலிப்பும்தான் வாயில திரிஞ்சு அப்பிடி வந்ததெண்டு சேர் சொன்னார். ஹொஸ்ரலில நிண்ட மட்டக்களப்பு முஸ்லிம் பெடியன் ஒருத்தன் எழும்பி, எங்கட வீட்டில காக்கா எண்டா மூத்த அண்ணன் சேர் எண்டான், சேருக்கு அண்டைக்குச் சரியான சந்தோசம்.

பிறகு அவர் தொடங்கினார். காக்காப்பொன் எண்டா மைக்கா. வைரத்தில வாற குறை ஒண்டுக்கு சிலப்பதிகாரத்தில காகபாதம் எண்டு பேர். பழைய ஏடுகளில எழுத்து விட்டுப்போன இடத்தைக் காட்டப் போடுற குறி காகபதம், எங்கட கட்டுரைக் கொப்பி முழுக்க சேர் சிவப்பு மையால போட்டதும் அதுதான். ஆனா எனக்கு எல்லாத்திலயும் பிடிச்சது காக்கைபாடினியார் கதை. காகம் கத்தினா ஆக்கள் வருவினம் எண்டு எங்கட அம்மாமார் சொல்லுறதைத்தான் அந்தப் பொம்பிளைப் புலவர் குறுந்தொகை 210இல பாடினவ, பிரிஞ்சு போனவர் வரப்போறார் எண்டு கரைஞ்ச காகத்துக்கு ஏழு கலம் நிறைய நெய்ச்சோறு வைச்சாலும் காணாது எண்டு, அந்தப் பாட்டாலயே அவவுக்குப் பேரும் அப்பிடி வந்திட்டுது. நச்செள்ளை எண்ட அவவின்ர சொந்தப் பேர் எத்தினை பேருக்குத் தெரியும்?

இஞ்ச சிங்கப்பூரில காகம் எண்டா தொல்லை மட்டும்தான். 2023இல பீஷான் பக்கம் ஆக்களைக் கொத்தினதெண்டு பேப்பரிலயும் வந்தது. 2020இல இருந்து சாப்பாடு போட்டா தண்டம், அதால புரட்டாதிச் சனிக்கு எள்ளுச்சோறு வைக்கிறதையும் விட்டாச்சு, சட்டம் தேவைதான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா ஒண்டை எங்கட பிள்ளையளுக்குச் சொல்லோணும். 1890களில மலாயாவில கிள்ளான் பக்கம் கோப்பித் தோட்டத்து மயிர்க்கொட்டியைத் தின்னட்டும் எண்டு காகங்களை இலங்கையில இருந்துதான் கொண்டுவந்து விட்டவை. கிட்டத்தட்ட அந்தக் காலத்திலதான் எங்கட யாழ்ப்பாணத்து ஆக்களும் மலாயா ரெயில்வேக்கும் கந்தோருகளுக்கும் கிளாக்கர் வேலைக்கு வந்து இறங்கினவை. சேர் இருந்திருந்தா இதையும் பாடத்தில சேர்த்திருப்பார்.

நான் விட்ட காகச் சொல் ஆருக்காவது ஞாபகம் இருந்தா சங்க வட்ஸ்அப்பில போடுங்கோ, அடுத்த மலரில காகபதம் போட்டுச் சேர்ப்பம்.